பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி கோப்பு: நீட்டிப்பைத் தடுத்தால் போதுமா?

கேள்வி:
வணக்கம். சொந்த சர்வரில் நிறுவியிருக்கும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைச் சென்ற மாதம் அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளிலிருந்து என்ஜின்எக்ஸ் என்ற மற்றொன்றுக்கு மாற்றினேன். பொது இணைப்பின் வழியே யாரோ 'லோகோ.பிஎச்பி' என்றொரு கோப்பை ஏற்றியிருப்பதை நேற்றுக் கண்டேன். அதன் முதல் 6 எழுத்துகள் 'ஜிஃப்89ஏ', அதாவது ஜிஃப் படக் கோப்பின் தொடக்கக் குறி. அடுத்த வரியிலேயே, சர்வரில் இயங்கும் பிஎச்பி நிரல் தொடங்குகிறது. ஏற்றிய கோப்புகள் சேரும் டேட்டா கோப்புறை, வலைத்தளத்தின் மூலக் கோப்புறைக்குள்ளேயே (உலாவியில் முகவரியிட்டுத் திறக்கக்கூடிய இடத்தில்) இருக்கிறது. பிஎச்பி நீட்டிப்பைத் தடைசெய்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. தடைப்பட்டியலில் பிஎச்பியைச் சேர்த்தால் பிஎச்பியாகவே இயங்கக்கூடிய பிஎச்டிஎம்எல், ஃபார் என்று வேறு நீட்டிப்பில் வருவார்கள். உலாவி அனுப்பும் கோப்பு வகையையும் நம்ப முடியாது, ஏனெனில் அது அனுப்புபவர் எழுதுவதுதான். தொடக்க பைட்டுகளை மட்டும் பார்க்கும் சோதனையை ஏமாற்றத்தான் அந்த 'ஜிஃப்89ஏ'. உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது: அப்பாச்சியில் டேட்டா கோப்புறையைக் காத்து வந்தது அதற்குள் இருக்கும் டாட் எச்டிஅக்சஸ் என்ற அணுகல் விதிக் கோப்பு, என்ஜின்எக்ஸ் அதைப் படிப்பதே இல்லை. எனவே சர்வரை மாற்றிய அன்றே, உங்களுக்குத் தெரியாமல், காவல் விலகிவிட்டது. டேட்டா கோப்புறையை மூலக் கோப்புறைக்கு வெளியே நகர்த்துங்கள். நெக்ஸ்ட்கிளவுட் ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். கோப்புறையை நோஎக்ஸெக் (உள்ளிருக்கும் கோப்புகளை நேரடியாக இயக்கவிடாத அமைப்பு) என்று மவுன்ட் செய்தால் தப்பிக்கலாம் எனச் சிலர் எண்ணுவார்கள்; பிஎச்பி கோப்பை இயக்குவது வேறிடத்தில் இருக்கும் பிஎச்பி இயக்கி என்பதால், அந்தக் கோப்பைப் படிக்க முடிந்தாலே அதற்குப் போதும். எஸ்விஜி படங்களையும் மறக்க வேண்டாம். அவற்றுக்குள் உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கலாம் என்பதால், உலாவியில் நேரடியாகத் திறக்கவிடாமல் பதிவிறக்கமாக மட்டுமே அனுப்புங்கள்.

கேட்டவர்:
'வணக்கம்' என்று அச்சிடும் ஒரு வரி பிஎச்பி கோப்பை அதே கோப்புறையில் இட்டு, அதன் முகவரியை உலாவியில் திறந்தேன். நிரல் வரிக்குப் பதிலாக 'வணக்கம்' என்றே வந்தது, அதாவது அங்கே பிஎச்பி இயங்குகிறது. சர்வரை நிறுத்திவிட்டேன்.

மறுமொழி 1:
நல்லது, உடனே திறக்க வேண்டாம். அணுகல் பதிவில் 'லோகோ.பிஎச்பி'யைத் தேடி, அதற்கு 200 (வெற்றி) என்ற விடை சென்றிருக்கிறதா என்று பாருங்கள். சென்றிருந்தால், வந்தவர் உங்கள் அமைவுக் கோப்பில் உள்ள தரவுத்தளக் கடவுச்சொல்லையும் படித்திருக்கக்கூடும். அந்தக் கோப்பை மட்டும் நீக்கித் திருப்தியடையாமல், கடவுச்சொற்களை மாற்றி, மென்பொருளைப் புதிதாக நிறுவி, அந்தக் கோப்பு வந்த தேதிக்கு முந்தைய காப்புநகலிலிருந்து தரவை மீட்டெடுங்கள்.