புதுப்பிப்பு: ரேடியோ அலையிலிருந்து மின்சாரம் – எல்இடி மினுக்கிவிட்டது

ரேடியோ அலையிலிருந்து மின்சாரம் எடுக்க, நீளக் கம்பி ஆன்டெனாவும் நான்கு டையோடும் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த சர்க்யூட்டில் மின்தேக்கியின் (சார்ஜைச் சேமிக்கும் பாகம்) வோல்டேஜ் ஏறவே இல்லை, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சிலிக்கான் டையோடுகளை எடுத்துவிட்டு 1என்34ஏ என்ற ஜெர்மேனியம் டையோடுகளைப் போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. சிலிக்கான் ஏறத்தாழ 0.6 வோல்ட் வந்தால்தான் நன்றாகக் கடத்தும், ஜெர்மேனியத்துக்கு அதில் பாதியே போதும். அப்புறம் எர்த்தை ஈரமண்ணில் அடித்த கம்பிக்கு மாற்றியதும் சார்ஜ் ஏறும் வேகம் கூடியது.

எதிர்பாராதது ஒன்று: வருகிற சில மைக்ரோஆம்பியரில் பெரும்பகுதி முதலில் போட்டிருந்த எலக்ட்ரோலிட்டிக் வகை மின்தேக்கியிலேயே கசிந்துகொண்டிருந்தது. அதற்குப் பதில் 10 மைக்ரோஃபாரட் ஃபிலிம் வகை மின்தேக்கி போட்டதும் 2.5 வோல்ட் வரை ஏறியது, சிவப்பு எல்இடியைத் தொட வைத்தால் இருட்டில் பளிச்சென்று ஒரு மினுக்கு, அவ்வளவு சந்தோஷம்! மல்டிமீட்டரை மாட்டியே வைக்காதீர்கள், அதன் 10 மெகாஓம் உள் மின்தடை வழியாகவும் சார்ஜ் வடியும்.