ஜோன் எக்ஸ்-ல் வீடு, பக்கத்திலேயே ஓடை: வெள்ள இன்சூரன்ஸ் தேவையா?

ஓடைக்கரை:
வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி, மேடிசன் கவுன்டியில் 2 ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். வீட்டுச் சுவருக்கும் ஓடைக்கும் நடுவே 60 அடிதான். பொதுச் சாலையிலிருந்து உள்ளே வர அந்த ஓடையைத் தாண்ட வேண்டும்; குழாய் பதித்து மேலே மண் கொட்டிய சின்னப் பாலம். போர்வெல், செப்டிக் டேங்க், தள்ளி ஒரு கொட்டகையும் உண்டு. ஃபெமா (அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வெளியிடும் வெள்ள மேப்பில் இது ஜோன் எக்ஸ், அதாவது அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியே. பேங்க் வெள்ள இன்சூரன்ஸ் கேட்கவில்லை. வீடு காட்டும் ஏஜென்ட், "அதெல்லாம் தேவையே இல்லை" என்கிறார். 2024-ல் ஹெலீன் புயல் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்த பிறகு அப்படியே விட மனசு வரவில்லை. உண்மையான ஆபத்தை எப்படிக் கணிப்பது? பாலிசி எடுத்தால் எதற்கெல்லாம் பணம் வரும்?

நிலஅளவை:
ஜோன் எக்ஸ் என்றால் வெள்ளம் வராது என்று அர்த்தமில்லை. பேங்க் உங்களைக் கட்டாயப்படுத்தாது, அவ்வளவுதான். 2014 முதல் 2018 வரை வந்த க்ளெய்ம்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதிக ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்தவர்களுடையவை என்று ஃபெமாவே சொல்கிறது.

கிராமப்புறக் கவுன்டிகளில் இன்னொரு சிக்கல். பொதுவாக ஒரு சதுர மைலுக்குக் குறைவான வடிநிலம் (மழைநீர் வடிந்து வந்து சேரும் பரப்பு) உள்ள ஓடைகளை மேப்பில் கணக்கிடவே மாட்டார்கள். வரையவில்லை என்றால் அந்த இடமும் ஜோன் எக்ஸ் என்றே காட்டும். அதனால் முதலில், உங்கள் ஓடை ஆய்வு செய்யப்பட்டதா, விடுபட்டதா என்று பாருங்கள். ஓடையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் ஏஇ (அதிக ஆபத்துப் பகுதி) என்று வண்ணம் இருந்து உங்கள் இடம் வெளியே இருந்தால் ஒரு கதை. ஓடை முழுக்க வண்ணமே இல்லையென்றால் வேறு கதை. வட கரோலினாவில் மாநில அரசின் ஃப்ரிஸ் என்ற வெள்ள ஆபத்துத் தகவல் இணையதளம் இதற்கு நல்லது, கட்டிட வாரியாகவே பார்க்கலாம். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு அமைப்பு) நடத்தும் ஸ்ட்ரீம்ஸ்டாட்ஸ் இணைய மேப்பில் பாலத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் வடிநிலப் பரப்பும் உச்ச நீரோட்ட மதிப்பீடும் கிடைக்கும்.

60 அடி தூரத்தைவிட உயரம்தான் முக்கியம். ஓடைப் படுகையிலிருந்து வீட்டின் தரைமட்டம் எத்தனை அடி மேலே என்று லெவல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வேலிக்கம்பங்களில் வண்டல் கோடு, மரக்கிளைகளில் சிக்கிய சருகு, புதிதாக அரித்த கரை, எல்லாம் பழைய வெள்ளத்தின் சாட்சி.

அப்புறம் அந்தப் பாலக்குழாய். பெருவெள்ளத்தில் குழாய்க்குள் தண்ணீர் அடங்காமல் போவதற்கு முன்பே மரக்கட்டையும் புதரும் வந்து வாயை அடைத்துவிடும். அடைத்ததும் ஓடை அணை போல ஏறி, பக்கத்தில் எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே புது வழி வெட்டும். பாலத்தின் மேல் நின்று, "இது அடைபட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும்?" என்று பாருங்கள். பதில் வீட்டுப் பக்கம் என்றால் மேப்பில் என்ன இருந்தாலும் பொருட்படுத்தாமல் நான் பாலிசி எடுப்பேன்.

ஹெலீனில் ஆஷ்வில்லில் ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு சுமார் 24.7 அடிக்கு ஏறி, 1916-ன் 23.1 அடி சாதனையை முறியடித்தது. 'நூறு வருட வெள்ளம்' என்பது நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்பதல்ல. ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு. 30 வருட லோன் காலத்தில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம் ஆகிறது.

க்ளெய்ம்மேசை:
பாலிசி பக்கத்தை நான் சொல்கிறேன். முதலில் கெட்ட செய்தி. நீங்கள் சொன்ன பட்டியலில் பாதிக்கு என்எஃப்ஐபி (ஃபெமா நடத்தும் தேசிய வெள்ள இன்சூரன்ஸ் திட்டம்) பணம் தராது. வீட்டுக்கு வெளியே இருக்கும் போர்வெல், செப்டிக், வேலி, நடைபாதை, அந்தப் பாலம் எதுவும் கவர் கிடையாது. கொட்டகைக்குத் தனிப் பாலிசி வேண்டும். வீட்டை விட்டுத் தங்கும் ஓட்டல் செலவும் வராது. கார் இதில் சேராது, அதற்குக் கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான கவர்) வேண்டும்.

கிடைப்பது: கட்டிடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை. பொருள்களுக்கான கவர் தானாகச் சேராது, கேட்டு வாங்க வேண்டும், டிடக்டிபிளும் (நஷ்டத்தில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) தனி. நீங்களே குடியிருக்கும் வீடு, மாற்றுச் செலவில் (வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் தொகையில்) 80 சதவீதத்துக்காவது (அல்லது உச்சவரம்புக்கு) எடுத்திருந்தால் தேய்மானம் கழிக்காமல் கட்டிடத்துக்குத் தருவார்கள். பொருள்களுக்கு எப்போதும் தேய்மானம் கழித்துத்தான்.

மலைப்பகுதி என்பதால் இதையும் கவனியுங்கள்: சேற்று வெள்ளம் கவர் உண்டு, நிலச்சரிவு கிடையாது. மேட்டிலிருந்து நிலம் மொத்தமாக நழுவி வந்து வீட்டைத் தள்ளினால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். ஹெலீனுக்குப் பிறகு இந்த வித்தியாசத்தில்தான் பலர் சிக்கிக்கொண்டார்கள்.

விலையில் இப்போது ஜோன் கணக்கில்லை. 2021 அக்டோபரில் வந்த ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற விலை நிர்ணய முறை தண்ணீரிலிருந்து தூரம், தரைமட்ட உயரம், மாற்றுச் செலவு இவற்றைப் பார்க்கிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் தொலைபேசியில் சொல்லும் விலையை நம்பிவிடாமல் எலிவேஷன் சர்டிஃபிகேட் (வீட்டின் உயரத்தைச் சர்வேயர் அளந்து தரும் சான்று) எடுத்துக் கொடுங்கள். அது விலையைக் குறைத்தால் பயன்படுத்துவார்கள், கூட்டினால் விட்டுவிடுவார்கள், உங்களுக்கு நஷ்டமில்லை.

வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டு லோன் கையெழுத்தாகும் நாளிலோ அதற்கு முன்போ விண்ணப்பமும் பணமும் கொடுத்துவிட்டால் அன்றே அமலுக்கு வரும். அந்த வாய்ப்பை விடாதீர்கள். விற்பவரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பழைய சலுகை விலை உங்களுக்கும் வரும். பழைய க்ளெய்ம் விவரத்தை ஃபெமாவிடம் கேட்க வீட்டின் தற்போதைய உரிமையாளருக்குத்தான் உரிமை, அதனால் ஒப்பந்தத்துக்கு முன் விற்பவரைக் கேட்டு வாங்கித்தரச் சொல்லுங்கள்.

ஓடைக்கரை:
நன்றி, இரண்டுமே கண்ணைத் திறந்தது. ஒன்று விட்டுவிட்டேன்: கீழே ஒரு தளம் இருக்கிறது, மேட்டில் பாதி புதைந்தது. ஓடைப் பக்கம் கதவு வைத்து வெளியே நடக்கலாம். அங்கே ஒரு அறை, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர். இது பேஸ்மென்ட் கணக்கா?

க்ளெய்ம்மேசை:
இதுதான் பணம் முடிவாகும் இடம். நான்கு பக்கமும் தரைக்குக் கீழே இருந்தால் பேஸ்மென்ட். அப்போது ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், மின் பலகை, அஸ்திவாரம், சுத்தம் செய்யும் செலவு போன்ற சிலவற்றுக்கு மட்டும் பணம் வரும். டைல்ஸ், சுவர் பூச்சு, சோபா, கட்டில் எதற்கும் வராது. ஒரு பக்கமாவது தரையோடு சமமாக இருந்தால் பேஸ்மென்ட் இல்லை.

கதவைத் திறந்து வாசலில் நில்லுங்கள். வெளியே கால் வைக்க ஒரு படி ஏற வேண்டியிருந்தால், உள் தரை நான்கு பக்கமும் கீழேதான். ஒரே ஒரு படி. சமமாகவோ வெளியே இறங்கியோ இருந்தால் பிழைத்தீர்கள். சர்வேயர் எலிவேஷன் சர்டிஃபிகேட்டில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறாரா, படம் இணைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

தச்சுப்பட்டறை:
பழைய வீட்டில் கிரால்ஸ்பேஸும் (தரைக்கு அடியில் தவழ்ந்து போகும் அளவு இடைவெளி) இருக்கும். அதன் சுவரில் தண்ணீர் உள்ளே வந்து வெளியே போக வைக்கும் வெள்ளத் திறப்புகள் பாலிசி விலையைக் குறைக்கும், அஸ்திவாரமும் பிழைக்கும். கணக்கு: மூடிய பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சதுர அங்குலத் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்பு, அடிப்பகுதி தரையிலிருந்து ஓரடிக்கு மேல் போகக் கூடாது. 1,200 சதுர அடிக்கு 1,200 சதுர அங்குலம். ஒவ்வொன்றும் 200 சதுர அடிக்கு என்று சான்று பெற்ற வகை என்றால் ஆறு போதும். குளிர்காலத்தில் கையால் மூடும் சாதாரணக் காற்றுத்துளை கணக்கில் வராது.

கேஸ் தொட்டியை வெளியே கான்கிரீட்டில் பெல்ட் போட்டுப் பிணையுங்கள். அது மிதந்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகும். செப்டிக் மூடி இறுக்கமாக மூடும் வகையாக இருக்கட்டும்.

க்ளெய்ம்மேசை:
வெள்ளம் வந்தால் வரிசை இது: இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு உடனே தகவல். பொருளை வெளியே தூக்கிப் போடும் முன் படமும், ஹீட்டர் போன்றவற்றின் சீரியல் எண் தெரியும் படமும். கார்பெட், சுவர்ப் பலகையில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கையெழுத்திட்ட நஷ்ட உறுதிமொழிப் பத்திரம் போய்ச் சேர வேண்டும். அட்ஜஸ்டர் (நஷ்டத்தை மதிப்பிட வருபவர்) அனுப்புவார் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள், பொறுப்பு உங்களுடையது. நஷ்டம் வீட்டின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தாண்டும்போல் இருந்தால் பழுது பார்க்கும் முன் கவுன்டியின் வெள்ளச் சமவெளி அதிகாரியிடம் பேசுங்கள். அதிக ஆபத்துப் பகுதி என்றால் வீட்டை உயர்த்தச் சொல்வார்கள், அதற்கு இதே பாலிசியில் 30,000 டாலர் வரை தனியாக உண்டு.