பட்டாபிஷேகத்துக்குப் பிறகும் பாரதம் உண்டு

கும்பகோணம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்பு பாரதம் படிப்பார்கள். படிப்பவர் வில்லிபுத்தூராரின் பாட்டை ராகம் இழுத்துப் பாடி நிறுத்தி, எங்கள் பேச்சிலேயே பொருள் சொல்வார். துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று களிமண் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அம்மன் கூந்தலை முடிந்து, தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனால் கதை முடிந்தது. வில்லியாரே பதினெட்டில் பத்தாவதான சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பட்டாபிஷேகத்துக்கு அப்பால் பாரதமே இல்லை என்று முப்பது வயது வரை நம்பியிருந்தேன்.

அப்படிப்பட்டவன் கையில் எம்.டி. வாசுதேவன் நாயர் பீமனே கதை சொல்வதாக 1984இல் எழுதிய மலையாள நாவல் 'ரண்டாமூழம்', குறிஞ்சிவேலனின் தமிழாக்கமான 'இரண்டாம் இடம்' வழியாகக் கிடைத்தது. முதல் பக்கங்களிலேயே துவாரகை கடலுக்குள் போய்விட்டது, ஐவரும் திரௌபதியும் மரவுரி உடுத்து இமயம் நோக்கி நடக்கிறார்கள், அவள் விழுகிறாள், தருமர் நிற்காமல் போக, பீமன் மட்டும் அவளிடம் திரும்பி வருகிறான். எங்கள் கோயிலில் கதை முடிந்த இடத்தைத் தாண்டித்தான் இந்த நாவல் தொடங்குகிறது என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அது வரை வியப்பு, பிறகு எரிச்சல். வாயு மைந்தன் என்று கேட்டே வளர்ந்தவனிடம், பீமனின் தகப்பன் காட்டிலிருந்து வந்த யாரோ ஒருவன் என்று நாவல் சொன்னபோது, வீம்புக்கு எழுதியிருக்கிறார் என்றே நினைத்தேன். அந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து:

அதே நாவலைப் படித்த எனக்கு எரிச்சலைவிட ஐயமே மிஞ்சியது. பீமன் திரும்பி வந்ததை வியாசர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க, வியாச பாரதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாக ம.வீ. இராமானுஜாசாரியார் வெளியிட்ட கும்பகோணம் பதிப்பைத் தேடி எடுத்தேன். இந்தக் கடைசிப் பயணத்தைச் சொல்லும் பதினேழாவதான மகாபிரஸ்தானிக பருவத்தில் இருப்பவை மூன்றே அத்தியாயங்கள். ஒவ்வொருவரும் விழும்போது ஏன் விழுந்தார் என்று தருமரைக் கேட்பவன் பீமன்தான். அர்ச்சுனனிடம் திரௌபதிக்குப் பட்சபாதம் இருந்தது என்று சொல்லிவிட்டு, அவளைப் பாராமலே நடக்கிறவர் தருமர். பீமன் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் எம்.டி. நுழைந்திருக்கிறார் என்று புரிந்ததும், நாவலை மறுபடி முதலிலிருந்து, இம்முறை மரியாதையோடு படித்தேன்.

கடைசியாக பீமனும் விழுகிறான். நான் ஏன் விழுந்தேன் என்கிறான். நீ அளவு மீறி உண்டாய், பிறரை மதியாமல் உன் பலத்தைப் பேசினாய் என்கிறார் தருமர். பகாசுரனுக்குப் போகும் சோற்று வண்டியில் பீமன் வேடக்காரர் உட்கார்ந்து தின்றுகொண்டே வர, அந்த வண்டிக்குப் பின்னால் சிறுமியாக ஓடிய என் அப்பாயிக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "சோறு தின்னதெல்லாம் ஒரு குத்தமாப்பா?"