அப்ஸ்ட்ரக்‌ஷன் – ‘விதிவழி முடக்கம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்ற அப்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ‘அவை அமளி’ என்ற தமிழ்ச் சொல்லை முன்மொழிந்திருக்கிறீர்கள். அவையின் விதிகளையே பயன்படுத்தி அதன் வேலையை நடக்கவிடாமல் இழுத்தடிக்கும் உத்திதான் அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். எனக்கு ஒப்பவில்லை. அந்த உத்தியைப் பேர்போனதாக்கிய ஜோசப் பிக்கர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

பெல்ஃபாஸ்ட்டில் பன்றி இறைச்சி வியாபாரம் செய்தவர். 1874இல் அயர்லாந்தின் கேவன் தொகுதியில் வென்று வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1875 ஏப்ரல் 22 அன்று, அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவை எதிர்த்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேசினார். நாவன்மை எல்லாம் கிடையாது. அரசு அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக வாசித்தார். குரல் எட்டவில்லை என்று அவைத்தலைவர் சொன்னதும், தாள்களை அள்ளிக்கொண்டு முன்னால் வந்து, வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன் என்றார்! பின்னாளில் அயர்லாந்துக் கட்சியின் தலைவரான பார்னல் உறுப்பினராக அவைக்குள் வந்ததும் அதே நாளில்தான். அப்புறம் சில நாளிலேயே, ‘அந்நியர் இருக்கிறார்கள்’ (உறுப்பினர் அல்லாதவர்கள்) என்று பிக்கர் எழுந்து சொல்ல, பார்வையாளர் மாடத்தில் இருந்த வேல்ஸ் இளவரசரும் வெளியேற வேண்டியதாயிற்று. ஓர் உறுப்பினர் சொன்னாலே மாடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி.

இதில் அமளி எங்கே? எல்லாமே விதிக்கு உட்பட்டது. அவருடைய கட்சித் தலைவர் ஐசக் பட்டுக்கே இந்தப் போக்கு பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

‘நெடும்பேச்சு’ என்றாலும் போதாது. ஒத்திவைப்புத் தீர்மானம், திருத்தத்துக்கு மேல் திருத்தம் என்று வழிகள் பல. 1877இல் தென்னாப்பிரிக்க மசோதா அமர்வு ஜூலை 31 இரவு முழுக்க நடந்து மறுநாள்தான் முடிந்தது. அயர்லாந்து உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்துகொண்டே இருந்தார்கள். ‘முட்டுக்கட்டை’ நல்ல சொல்தான், ஆனால் எந்தத் தடைக்கும் அதைச் சொல்லிவிடலாம். அதனால் என் பரிந்துரை ‘விதிவழி முடக்கம்’. ‘விதிவழி முடக்கினார்’ என்று வினையாகவும் வரும்.

இதோடு க்ளோஷருக்கும், அதாவது விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போகும் முறைக்கும், ஒரு சொல்லை முடிவுசெய்ய வேண்டும். 1881 ஜனவரி 31 அன்று தொடங்கிய அமர்வு, அயர்லாந்து உறுப்பினர்களின் முடக்கத்தால் 41 மணி நேரம் நீண்டது. அவைத்தலைவர் பிராண்ட் தன் பொறுப்பிலேயே விவாதத்தை நிறுத்தினார். 1882இல் அது முறையான விதியாயிற்று. ‘விவாத நிறைவு’ என்றால் பேசி ஓய்ந்த மாதிரி ஆகிவிடும். அங்கே வலிந்து முடித்தார்கள், ஆகவே ‘விவாத முடிப்பு’.

‘நெடும்பேச்சு’ வீணாக வேண்டாம், ஃபிலிபஸ்டருக்கு, அதாவது பேசிப் பேசியே மசோதாவைத் தடுப்பதற்கு, வைத்துக்கொள்ளலாம்.