மகளுக்கு 'ராஹா' என்று பெயர் வைக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. சித்திரை நட்சத்திரம், மூன்றாம் பாதம். 'ரா'வில் பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறார் ஜோசியர். என் மனைவிக்கு ஆலியா பட், ரன்பீர் கபூர் மகளின் பெயரான 'ராஹா' மேல் ஒரே பிடிவாதம்.

அந்தக் குழந்தை 2022 நவம்பரில் பிறந்தது. பெயரைத் தேர்ந்தெடுத்தது பாட்டி நீத்து கபூர். சுவாஹிலியில் மகிழ்ச்சி, அரபியில் அமைதி, வங்காளத்தில் ஆறுதல் என்று ஆலியா பெரிய பட்டியலே போட்டிருந்தார். சமஸ்கிருதத்தில் 'குலம்' என்றும் சொன்னார். சுவாஹிலியும் அரபியும் சரிதான், நானே அகராதியில் பார்த்துவிட்டேன். சமஸ்கிருதம்தான் இடிக்கிறது. படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல், எங்கள் அம்மா. "ராகுன்னா கூப்பிடப் போறீங்க?" என்று கேட்டு இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நம் ஊரில் 'ஹா' சீக்கிரமே 'கா' ஆகிவிடும். 'ராகா' என்றானால் பொருளே மாறிவிடும். (சமஸ்கிருதத்தில் ராகா என்றால் பௌர்ணமி. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மனைவியிடம் சொல்லப் பயம்.)

பிறப்புப் பதிவில் ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதனால் அதில் அவசரமில்லை. பெயர் சூட்டும் விழாதான் முப்பதாம் நாள்.

உங்கள் பக்கத்தில், பள்ளியில் ராஹாக்கள் நிறைய இருக்கிறார்களா? வகுப்புக்கு நாலு பேர் என்றால் வேண்டாம். 'ரா'வில் தொடங்கும் நல்ல தமிழ்ப் பெயர் இருந்தாலும் சொல்லுங்கள்.