1,400 கிலோ கரவனை என் ஜீப்பில் பூட்டலாமா?

கொக்குவிலான்:
வணக்கம். முல்லைத்தீவுக் கரைக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் குடும்பத்தோடு போய்த் தங்கி வருவதற்காக ஒரு கரவன் (வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துச் சென்று, உள்ளே படுத்துறங்கும் பெட்டி வண்டி) வாங்க எண்ணியுள்ளேன்; இதுவே எங்களுக்கு முதலாவது. பார்த்து வைத்திருக்கும் கரவனின் வெறும் பாரம் 1,100 கிலோ. உச்சமாக 1,400 கிலோ வரை ஏற்றலாம். அதற்கெனத் தனிப் பிரேக் உண்டு. எனது டீசல் ஜீப்பின் கைந்நூல், பின்னால் இழுப்பது பிரேக் உள்ள பெட்டியாயின் 1,500 கிலோவும் இல்லாததாயின் 750 கிலோவும் இழுக்கலாம் என்கிறது; ஜீப்பின் பின்னால் பெட்டியைப் பூட்டும் கொளுக்கியில் 100 கிலோவுக்கு மேல் இறங்கக்கூடாது என்றும் அதில் உண்டு. ஜீப்பின் வெறும் பாரம் 1,800 கிலோ, ஆட்கள் சாமான்களோடு அதன் எல்லை 2,350 கிலோ. அம்மாவையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர். முற்பணம் கொடுக்கலாமா?

சுன்னாகத்தார்:
தாராளமாகக் கொடுங்கள், தம்பி. 1,500 கிலோ இழுக்கும் என்று செய்தவனே எழுதித் தந்த பிறகு 1,400 கிலோவுக்கு ஏன் தயக்கம்? முதன்முறை இழுப்பவர் கரவனின் பாரத்தை வாகனத்தின் வெறும் பாரத்தில் 85 வீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சொல்வார்கள். உங்களுடைய 1,800 கிலோவில் அது 1,530 கிலோ ஆகிறது. இரண்டு கணக்கிலும் நீங்கள் தேறிவிட்டீர்கள். சிறியதை வாங்குபவர்கள், மழை பெய்கிற முதல் இரவிலேயே இடம் போதாமல் பெரியதைத் தேடத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். விற்று மாறுவதில்தான் காசு போகும்.

கரவெட்டி மாஸ்டர்:
சுன்னாகத்தார் அண்ணா சொன்ன இரண்டு கணக்கும் பிழையில்லை. ஆனால் அவை இரண்டும் கரவனைப் பற்றியவை, ஜீப்பின் முதுகில் ஏறும் பாரத்தைப் பற்றியவை அல்ல. 2,350 கிலோவில் 1,800 கிலோவைக் கழித்தால் 550 கிலோ மிஞ்சுகிறது. ஐந்து பேருக்கு 330, கொளுக்கியைத் தாங்க ஜீப்பில் பூட்டும் இரும்புச் சட்டத்துக்கு 25, பின்னால் அடுக்கும் பைகளுக்கு 80 என்று வைத்தால் 435 ஆகிவிடும். 1,400 கிலோ கரவனின் மூக்கு, அதாவது கொளுக்கியில் பூட்டும் முன்முனை, அதன் பாரத்தில் 7 வீதத்தைக் கொளுக்கியில் இறக்கினால் 98 கிலோ. ஆக 533. மிச்சம் 17 கிலோ. மீன் வாங்கிவர ஒரு குளிர்பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தால் அதுவும் முடிந்தது. கொளுக்கி பின்சில்லுக்கும் பின்னால் இருப்பதால், அதில் இறங்கும் 98 கிலோ பின்அச்சில் 98 ஐ விடக் கூடுதலாகவே அழுத்தும். அந்தக் கூடுதல் முன்சில்லுகளிலிருந்து கழிந்த பாரம். முன்பக்கம் இலேசானால் ஸ்டியரிங் பிடி தளரும்.

சுன்னாகத்தார்:
மாஸ்டர், அமெரிக்கர்கள் கொளுக்கியில் 10 முதல் 15 வீதம் இறங்க வேண்டும் என்கிறார்கள், ஐரோப்பியர்கள் 5 முதல் 7 வீதம் போதும் என்கிறார்கள். நிபுணர்களுக்கே ஒத்த கருத்து இல்லாத இடத்தில் 17 கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நியாயமா? மூக்குப் பாரம் கூடுகிறதென்றால் தண்ணீர்த் தாங்கியையும் எரிவாயு சிலிண்டரையும் கரவனின் பின்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். நெல் மூட்டை ஏற்றிய பெட்டிகள் உழவு இயந்திரத்தின் பின்னால் எத்தனை காலமாக இந்த றோட்டுகளில் ஓடுகின்றன!

கரவெட்டி மாஸ்டர்:
உழவு இயந்திரம் ஊர்ந்து போகிறது, அண்ணா. ஏ9 நெடுஞ்சாலையில் ஜீப் ஊராது. இரண்டு கண்டத்தாரின் எண்கள் வேறுபடுவதற்கும் வேகம் ஒரு காரணம். அங்கே அமெரிக்கர்கள் கூடிய வேகத்தில் நீளமான பெட்டிகளை இழுக்கிறார்கள். ஐரோப்பாவில் கரவன் இழுப்பவருக்கு வேகக் கட்டுப்பாடு இறுக்கம், வாகனங்களின் கொளுக்கி எல்லைகளும் சிறியவை. மூக்கு இலேசாக இருப்பது நல்லது என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் இங்கே கேட்கக்கூடிய மிக ஆபத்தான யோசனை என்பதைக் கடுமையாகவே சொல்கிறேன். வால் கனத்த கரவனைப் பக்கக் காற்று ஒருமுறை தள்ளினால், அது ஜீப்பின் பின்பக்கத்தை மறுபுறம் இழுக்கும். ஜீப் திரும்பியதும் கரவன் எதிர்ப்பக்கம் வீசும். வேகம் கூடியிருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். தென்மேல் காற்று வீசும் சோளகக் காலத்தில் சங்குப்பிட்டிப் பாலத்திலோ ஆனையிறவிலோ, இருபுறமும் மறைப்பில்லாத நீரேரிக்கு நடுவே, உயரமான கரவனின் பக்கச்சுவர் வாங்கும் காற்றை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது மட்டுமே. வெட்டித் திருப்புவதும், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் நிலைமையைக் கெடுக்கும். தண்ணீர்த் தாங்கி போன்ற கனமானவை கரவனின் அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்க வேண்டும்.

நல்லூர் வாசுகி:
நீங்கள் இருவரும் கைந்நூலின் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். இங்கு ஓடும் ரீகண்டிஷன் வாகனங்கள் (வெளிநாட்டில் ஓடிய பின் இறக்குமதியானவை) பல, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அதே பெயருள்ள வாகனம் அவுஸ்திரேலியாவில் வேறு என்ஜினோடும் வேறு குளிரூட்டும் ஏற்பாட்டோடும் விற்கப்பட்டிருக்கலாம். இணையத்தில் இறக்கிய அந்நாட்டுக் கைந்நூலின் 1,500 கிலோ நம் வாகனத்துக்குப் பொருந்தாது. கொக்குவிலான் அண்ணா முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். தானியங்கிக் கியராக இருந்தால் நம் வெயிலில் கியர் எண்ணெயின் சூடும் ஒரு கேள்வி. ஐந்து பேரும் கரவனுக்குள்ளேயேதான் படுக்க வேண்டுமா என்பதும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவும் அண்ணாவும் அண்ணியும் உள்ளே படுக்க, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம் அடித்தால், 750 கிலோவுக்குள் பிரேக் இல்லாத சிறிய பெட்டியே போதுமே.

சுன்னாகத்தார்:
கைந்நூல் பற்றிப் பிள்ளை சொன்னது சரி; அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிரேக் இல்லாத 750 கிலோவை ஒருபோதும் ஏற்கமாட்டேன். மாடு குறுக்கே வந்து நீங்கள் மிதிக்கும்போது அந்த 750 கிலோவையும் ஜீப்பின் பிரேக்தான் தாங்க வேண்டும். கைந்நூல் விடுகிறது என்பதற்காக வாங்குவதைவிட, பிரேக் உள்ள 1,000 கிலோ கரவன் எவ்வளவோ மேல்.

கரவெட்டி மாஸ்டர்:
இதில் அண்ணாவோடு நிற்கிறேன். உச்சப் பாரம் 1,000 கிலோ என்றால் கொளுக்கியில் 70 கிலோ; ஜீப்பில் 45 கிலோ மிஞ்சும். விற்பனைத் தாளில் உள்ள வெறும் பாரத்தை மட்டும் நம்பாதீர்கள், கொக்குவிலான். 80 லீற்றர் தண்ணீர் 80 கிலோ, 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் இரும்போடு ஏறக்குறைய இருமடங்கு. பின்னர் பூட்டிய ஏசி, பற்றரி எல்லாம் அந்த எண்ணுக்கு வெளியேதான் இருக்கும்.

கொக்குவிலான்:
வாசுகி கேட்டதைப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் கைந்நூல் வாகனத்தோடு வந்ததல்ல, நண்பர் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பியது. சேஸி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை முற்பணம் இல்லை. மூக்குப் பாரத்தை வீட்டில் அளக்க வழி உண்டா?

கரவெட்டி மாஸ்டர்:
உண்டு. சமதரையில் கரவனின் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஆள் நிறுக்கும் தராசின் மேல் ஒரு பலகையும், அதன்மேல் கொளுக்கியின் வழமையான உயரத்துக்கு வெட்டிய மரத்துண்டும் வைத்து, மூக்கை அதன்மேல் மெல்ல இறக்குங்கள். தண்ணீர், சிலிண்டர், சட்டி பானை எல்லாம் ஏற்றிய பின் அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தராசின் எல்லையை முதலில் பாருங்கள். சில 120 கிலோவோடு நின்றுவிடும்.

சுன்னாகத்தார்:
வாங்கும் முன் கரவனை லொறி நிறுக்கும் இடத்துக்கு விற்பவரையே கொண்டுவரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அந்தப் பாரத்தில் ஏதோ இருக்கிறது. டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. நின்ற இடத்தில் நின்ற கரவனின் டயர், தரையில் படும் வரிகள் தேயாமலே பழசாகும். இவ்வளவுக்குப் பிறகும் சொல்கிறேன், மழைக்குள் பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்கவிட அம்மா சம்மதிக்கமாட்டா.