‘ஆர்கனோடின்’ பூஞ்சைக்கொல்லி: தமிழில் என்ன சொல்வது?

வட்டவடையிலிருந்து:
வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு வேதியியல் குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஃபென்டின் அசிட்டேட், ஃபென்டின் ஹைட்ராக்சைடு என்ற மருந்துகளைப் பற்றியது. ஒரு வெள்ளீய அணுவில் மூன்று பீனைல் வளையங்கள் பிணைந்திருக்கும். ஐரோப்பாவில் உருளைக்கிழங்கின் இலைக்கருகலுக்கும் சர்க்கரை பீட்டின் இலைப்புள்ளிக்கும் அடித்தார்கள். இவற்றை ஆங்கிலத்தில் ‘ஆர்கனோடின்’ பூஞ்சைக்கொல்லி என்பார்கள்; டின் என்றால் வெள்ளீயம். நான் ‘அங்கக வெள்ளீயப் பூஞ்சைக்கொல்லி’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “அங்ககம்னா இயற்கை மருந்துதானே சார், வெறுங்கையால கலக்கலாமா?” என்றாள். அவள் வீட்டில் உருளையும் பூண்டும் போடுகிறார்கள். எனக்குப் பகீரென்றது.

சித்தூரிலிருந்து:
அங்ககம் வேண்டவே வேண்டாம். கரிமம் இருக்கிறதே! ‘கரிம ஈயம்’ என்று சுருக்கிவிடுங்கள், வாய்க்கு எளிது.

பீர்மேட்டிலிருந்து:
சுருக்கினால் ஆபத்து அண்ணே. வேகமாகச் சொன்னால் காதில் விழுவது ‘காரீயம்’. அது வேறு உலோகம். கார் + ஈயம் காரீயம், வெள் + ஈயம் வெள்ளீயம் என்று நிறத்தை வைத்தே முன்னோர் பிரித்திருக்கிறார்கள். பேச்சில்தான் கலந்துவிட்டது: பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமே. மலையாளத்திலும் ‘வெளுத்தீயம்’ என்று நிறம் தங்கியிருக்கிறது. அதனால் கரிமவெள்ளீயம். அப்புறம், பூஞ்சைக்கொல்லி எதற்கு? இங்கே ஏலத்தோட்டத்தில் ‘குமிள்நாசினி’ என்றால்தான் புரியும்.

சித்தூரிலிருந்து:
கரிமவெள்ளீயம், சரி. நாசினி வடசொல்; குமிள் கேரளப் பக்கத்துக்கு மட்டும் தெரிந்த சொல். பாடக்குறிப்பு மதுரைக்கும் போகும். துருசு (மயில்துத்தம்) என்ற சொல்லைத் தோட்டத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறோம், பூஞ்சையையும் காப்பாற்றலாமே.

வட்டவடையிலிருந்து:
எனக்குக் ‘கொல்லி’யே உறுத்துகிறது. இது பூஞ்சையோடு நிற்பதில்லை. நத்தையையும் மீனையும் கொல்லும். இதன் உறவான மும்பியூட்டைல் வெள்ளீயத்தைக் கப்பலடிச் சாயத்தில் கலந்தார்கள். கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஃபென்டினை ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் விலக்கியது. இத்தனையும் ஒரு சொல்லில் அடங்காது. நேரமும் இல்லை. ‘கரிமவெள்ளீயப் பூஞ்சைக்கொல்லி’ என்றே போடுகிறேன். அடியில் ஒரு வரி: இங்கே கரிமம் என்பது கரியணுப் பிணைப்பைக் குறிக்கும், இயற்கை உரத்தை அல்ல, இது நஞ்சு.

பீர்மேட்டிலிருந்து:
அந்த அடிவரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள் ஐயா. குமிளை அடைப்புக்குறியிலாவது சேர்த்திருக்கலாம். அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.